துண்டுக்குள் கை

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசல் படியேறப் போகும்போதுதான் கிதர் முகம்மது குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை.

வீட்டிலிருந்து இரண்டையும் போட்டுக்கொண்டுதான் புறப்பட்டார். அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் பேகம்பூர் தெருவில், உச்சி வெயிலில், தார் ரோட்டில் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறார். கால் சுடவில்லை. கல் குத்தவில்லை. திரும்பிப் பார்த்தால் தெருமுனை ஜூஸ் கடைக்கு முன்னால் அந்தச் செருப்பு அது பாட்டுக்குக் கவிழ்ந்து கிடக்கிறது. பின்னால் வந்துகொண்டிருந்த அப்துல் ஹக்கீம் அதை எடுத்து வந்து அவர் காலடியில் போட்டார். தோல் மண்டி வைத்திருக்கிற ஹக்கீம் பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்தே கூட்டாளி.

“என்ன மாப்ள, செருப்பை விட்டுட்டு ஓடுற அளவுக்கு அம்புட்டு அவசரமா? பயான் இன்னும் ஆரம்பிக்கல.”

கிதரும் சிரித்து வைத்தார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒளுச் செய்வதற்காகத் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். கை கழுவினார், வாய் கொப்பளித்தார். கண்ணை மூடிக்கொண்டு முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்தாரோ இல்லையோ, உட்கார்ந்திருந்த தரை காணாமல் போய்விட்டது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது தலை தண்ணீருக்குள் இருந்தது. ஹக்கீம்தான் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார்.

“தலை சுத்துதா மாப்ள?”

“இல்லடா, பாசி வழுக்கிருச்சு.”

தொட்டி ஓரத்தில் பாசியே இல்லை. முந்தின நாள்தான் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். ஹக்கீம் அந்த ஓரத்தை ஒரு தடவை கையால் தடவிப் பார்த்தார். நனைந்த சட்டையோடு கிதர் வரிசையில் போய் நின்றார். அன்றைக்குப் பயானில் இமாம் என்ன பேசினார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு உள்ளுக்குள் ஒரே துஆவைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். யா அல்லாஹ், திரும்பவும் அந்தப் பை மட்டும் வேண்டாம்.

அந்தப் பை என்னவென்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இவர் ஏன் இப்படிப் பயந்து சாகிறார் என்று விளங்காது.

கிதர் முகம்மதுவுக்குச் சின்னதாக ஒரு பிரியாணிக் கடை. சீரகச் சம்பா பிரியாணி தினமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை குடல் குழம்புக்கென்று தனிக் கூட்டம் வரும். ஊருக்கெல்லாம் குடலை வேக வைத்துப் போடுகிற மனுஷனுக்கே குடலில் நோக்காடு வந்தபோது, தெருவில் கேலி பேசாத ஆள் இல்லை. டாக்டர்கள் க்ரோன்ஸ் என்று பெயர் சொன்னார்கள். குடல் தன்னாலேயே சிவந்து வீங்கிப் புண்ணாகிற வியாதி. தொற்றும் இல்லை, எவருடைய குற்றமும் இல்லை, முழுசாகப் போகவும் போகாது. பெயர் வாயில் நுழையாததால் வீட்டில் அதைக் குடல் புண் என்றே சொன்னார்கள். வருஷக் கணக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தார். கடைசியில் குடல் அடைத்துக்கொண்டது. மதுரையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, புண் ஆறுகிற வரைக்கும் என்று வயிற்றில் ஓட்டை போட்டு ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். மலம் அந்தப் பையில்தான் இறங்கும்.

பை இருந்தது சில மாதம்தான். ஆனால் ஒரு மத்தியானம், கடையில் ஒரு இலை காலியில்லாத நேரம், கல்லாவில் உட்கார்ந்திருந்த கிதரின் சட்டைக்குள் அது பிரிந்துகொண்டது. பிரியாணி வாசனையை மீறி அந்த நாற்றம் கிளம்பியது. கறியைக் கையில் எடுத்தவர்கள் இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பிறகு இரண்டாவது ஆபரேஷன் செய்து பையை எடுத்தார்கள், வயிறும் அடங்கியது, கடையும் பழையபடி ஓடியது. ஆனால் இனி ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

அனுப்பும்போது மதுரை டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். மாசா மாசம் ஒரு பி ட்வெல்வ் ஊசி, ஆயுசுக்கும் போட வேண்டும். சிவப்பாக இருக்கும் அந்த ஊசியைப் பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஜோஸ்பின் நர்ஸ் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். அந்த நர்ஸ், மகளோடு இருக்கப் போகிறேன் என்று திருச்சிக்குப் போய்விட்டார். புது நர்ஸுக்குக் கை கனம். ஒரு மாதம் தள்ளிப் போயிற்று, அப்புறம் இரண்டு மாதம், அப்புறம் மறந்தே போயிற்று. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. சத்து ஊசிதானே? அந்தச் சத்து எதில் அதிகம் என்று சாப்பிட வந்த ஒருவர் செல்போனில் பார்த்துச் சொன்னார். ஆட்டு ஈரலில்.

அது பொய்யும் இல்லை. அதுதான் வம்பே. தினமும் ஆடு அறுக்கிற வீட்டில் ஈரலுக்கா பஞ்சம்? அவர் மனைவி பாஸிலா காலையில் இட்லிக்கு வெஞ்சனமாக மிளகுத்தூள் தூவி ஈரலைப் பொரித்துத் தட்டில் வைத்துவிடுவாள். கிதர் அதை மருந்து மாதிரி பிஸ்மி சொல்லிச் சாப்பிடுவார். “எவன் எவனோ ஊசி போடுறான் புள்ள, நமக்கு நம்ம சட்டியிலயே இருக்கு” என்பார். அவளுக்கும் பெருமையாக இருக்கும். இப்படியே வருஷங்கள் ஓடின.

போன பக்ரீத் அன்றைக்குக் குர்பானி ஆட்டைத் துண்டு போடும்போது பலகையில் ஆட்டு ரத்தம் இல்லாத இடத்திலும் சிவப்பாக இருந்தது. பார்த்தால் அவருடைய விரல். கத்தி நன்றாக ஆழப் பாய்ந்திருக்கிறது, வலிக்கவே இல்லை. அதற்குப் பிறகு உள்ளங்காலில் பஞ்சு ஒட்டிக்கொண்ட மாதிரி ஆயிற்று. நாக்கு வழவழவென்று ஆகி, காரம் பட்டால் எரிந்தது. இருட்டில் நடந்தால் சுவரில் மோதினார். நோன்பு மாதத்தில் எல்லாவற்றையும் நோன்புக் களைப்பின் மேல் போட்டார். பெருநாளும் முடிந்தது, களைப்பு போகவில்லை. அவருடைய கணக்கு இதுதான்: குடல் புண் திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை குடலோடு நிற்காமல் கை காலுக்கும் ஏறிவிட்டது. டாக்டரிடம் போனால் வெட்டுவார்கள், வெட்டினால் பை. ஆகவே வாயே திறக்கக் கூடாது.

அடுத்த வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தை. விடியும்போதே குட்டியானை வேனில் போய் இறங்கினார். கடைக்கு ஆடு பிடிக்கிற வேலையை அவர் யாரிடமும் விட்டதில்லை. ஆட்டின் முதுகில் விரலை ஓட்டினாலே கறி எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவார். அன்றைக்கு விரலை ஓட்டினார். ரோமமும் தெரியவில்லை, எலும்பும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார்.

தரகர் ஆண்டிச்சாமி ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். இரண்டு பேருக்கும் இருபது வருஷப் பழக்கம். அந்த இரண்டு பேருக்கும் விலையை வாயால் சொல்கிற வழக்கமே கிடையாது. தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இரண்டு கையின் மேலும் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்தே விலை பேசுவார்கள். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தில் எதையும் காட்டாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆண்டிச்சாமி துண்டைப் போட்டார். கிதர் வலது கையை உள்ளே நீட்டினார். காத்திருந்தார். சுற்றிலும் ஆடுகள் கத்தின. யாரோ டீ கிளாஸைக் கழுவி ஊற்றினார்கள். ஆண்டிச்சாமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிதரும் ஆண்டிச்சாமியின் முகத்தையே பார்த்தார். இந்த மனுஷன் ஏன் இன்னும் விலை சொல்லாமல் நிற்கிறார் என்று அலுத்துக்கொண்டு, “சொல்லுங்கண்ணே, நேரமாகுது” என்றார்.

ஆண்டிச்சாமிக்கு முகம் சுருங்கியது.

“என்ன பாய், வெளையாடுறீங்களா? நான் அப்பவே சொல்லிட்டேன். உங்க பதிலுக்குத்தான் செத்த நேரமா நிக்கிறேன்.”

“எப்பச் சொன்னீங்க?”

“இந்தா, இப்பவும் புடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்!”

கிதர் இடது கையால் துண்டைத் தூக்கிவிட்டார். சந்தையில் அதை யாரும் செய்ய மாட்டார்கள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய மூன்று விரல்கள் ஆண்டிச்சாமியின் கைப்பிடிக்குள் இருந்தன. லேசாக இல்லை, நகம் வெளுக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார் மனுஷன். கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. யாரோ ஒருவனுடைய கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

ஆண்டிச்சாமி சட்டென்று துண்டை இழுத்து அந்தக் கையை மூடினார். விலை தெரிந்துவிடும் என்பதற்காக மூடவில்லை.

“பாய், கை சில்லுன்னு கெடக்கு. என்ன பண்ணுது ஒங்களுக்கு?”

“ஒண்ணுமில்லண்ணே. பனியில வந்தது, மரத்துருச்சு.”

“பங்குனி மாசத்துல என்ன பனி?”

கிதர் கையை உருவிக்கொண்டார். அன்றைக்கு ஆடு பிடிக்காமலே திரும்பினார். வெறும் வேன் திண்டுக்கல் ரோட்டில் தடதடத்துக்கொண்டு போனது. டிரைவர் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சுண்டுவிரலை வாயில் வைத்துக் கடித்தார். பல் பதிந்த தடம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடித்தார். நாக்கில் உப்புக் கரித்தபோதுதான் நிறுத்தினார். வேனுக்கு முன்னால் மலைக்கோட்டை தெரிய ஆரம்பித்தது. ஊர் வந்துவிட்டதே என்று இருந்தது.

வீட்டில் பாஸிலா காத்திருந்தாள். ஹக்கீம் வாயை மூடிக்கொண்டு இருந்தாலும் ஹக்கீமின் மனைவி கமர்ஜஹான் இருப்பாளா? தொட்டியில் விழுந்த கதை அதற்குள் வீடு வந்து சேர்ந்திருந்தது. மத்தியானக் கூட்டம் முடிந்து கடையைப் பூட்டிவிட்டு வந்தவரைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள். முக்காட்டில் குத்தியிருந்த குண்டூசியை உருவினாள்.

“காலை நீட்டுங்க.”

“எதுக்குப் புள்ள?”

“நீட்டுங்கன்னா நீட்டுங்க. கண்ணை மூடிக்கிறணும். நான் குத்துறப்பச் சொல்லணும். எங்க அத்தாவுக்குச் சக்கரை வந்தப்ப டாக்டர் இப்படித்தான் பாத்தாரு.”

கிதர் கண்ணை மூடினார். மூடியதும் கட்டில் மிதக்க ஆரம்பித்தது. கட்டில் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மனுஷன் லேசுப்பட்டவரா? பாஸிலாவின் கையில் கண்ணாடி வளையல். கை அசையும்போதெல்லாம் அது கிணுங்கியது. கிணுங்கியதும், “ம்” என்றார். மறுபடி கிணுங்கியது. “குத்துது.” மறுபடியும். “ஆமா, கட்டை விரலு.” இரண்டு மூன்று தடவை சொன்னதும் தைரியம் வந்துவிட்டது. “ஆ, வலிக்குது புள்ள, மெதுவா!” என்று நடிக்கக்கூட ஆரம்பித்தார்.

வளையல் சத்தம் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தார்.

குண்டூசி பழையபடி அவள் முக்காட்டில் இருந்தது. அதை எப்போதோ திரும்பக் குத்திக்கொண்டுவிட்டு, வெறும் கையைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தாள். முதலில் குத்திய இடங்களில் கட்டை விரலில் ரத்தம் பொட்டுப் பொட்டாக நின்றது.

“எத்தனை நாளா?” என்றாள்.

“கொஞ்ச நாளாத்தான்.”

“என்கிட்டயே நடிக்கிறீங்களே. ஒங்களுக்கு நல்லா இருக்கா?”

அப்போதுதான் கிதர் உடைந்தார். ஐம்பது வயசை நெருங்குகிற மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினார். “திரும்ப வெட்டிருவாங்க பாஸிலா. பையை மாட்டிவிட்டுருவாங்க. அன்னைக்குக் கடையில எல்லாரும் எந்திரிச்சுப் போனாங்கள்ல, அது இன்னும் என் கண்ணுக்குள்ளயே இருக்கு. அதுக்கு மவுத்தாப் போயிரலாம்.”

பாஸிலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பயம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வரும்.

“பையைச் சொமந்தது நீங்க. கழுவுனது யாரு? ஒருநாளாச்சும் மூக்கைப் பொத்தினேனா நானு? பை வந்தா வரட்டும், கழுவிக்கிறேன். நீங்க மவுத்தாப் போனா நான் எதைக் கழுவ?”

மறுநாளே கூட்டிக்கொண்டு போனாள். டவுனிலேயே இருந்த டாக்டர் ஆனந்தமேரியிடம். கிளினிக் படியில் கிதருக்குக் கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியவில்லை. குனிந்து காலைப் பார்த்துப் பார்த்து ஏறினார். உள்ளே டாக்டர் வயிற்றை அமுக்கினார். பழைய தழும்பைப் பார்த்தார். அந்தக் கை வயிற்றில் பட்டபோதெல்லாம் கிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் டாக்டர் இரும்புக் கவை ஒன்றைத் தட்டி அதிரவிட்டுக் கணுக்காலில் வைத்தார். அதிருதா என்று கேட்டார். பாஸிலா பக்கத்திலேயே நின்றாள். நடிக்க வழியில்லை.

“இல்ல டாக்டரம்மா.”

முழங்காலில் வைத்தார். இல்லை. இடுப்பெலும்பில் வைத்தபோதுதான், “லேசா” என்றார்.

“வயிறு எப்படி இருக்கு?”

“வயித்துக்கு ஒண்ணும் இல்லீங்க.”

“வெளிக்கு ஒழுங்காப் போகுதா? ரத்தம், வலி?”

“எதுவுமே இல்ல.”

“ஆபரேஷனுக்கு அப்புறம் மாசம் ஒரு ஊசி போடச் சொல்லியிருப்பாங்களே?”

கிதர் பாஸிலாவைப் பார்த்தார். “அது சத்து ஊசிதானேம்மா. அதுக்குப் பதிலாத்தான் தெனமும் ஈரல் சாப்பிடுறேன். இவதான் பொரிச்சுத் தருவா. ஒருநாள் தவறுனது கெடையாது.”

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கோபப்படுவார் என்று கிதர் நினைத்தார். அவர் கோபப்படவில்லை; அது இன்னும் பயமாக இருந்தது.

“ஈரல்ல அந்தச் சத்து இருக்கிறது நிஜம்தான் பாய். ஆனா அதை உடம்பு எடுத்துக்கிறது சிறுகுடலோட கடைசிப் பகுதியிலதான். வேற எங்கயும் அது ஒழுங்கா எறங்காது. ஒங்களுக்கு வெட்டி எடுத்தது அந்த எடத்தைத்தான். நீங்க தெனமும் சரக்கு ஏத்தி ரயிலை அனுப்பியிருக்கீங்க. சரக்கை எறக்குற ஸ்டேஷனே இப்ப கெடையாது. அது நிக்காமப் போய்க்கிட்டே இருந்துருக்கு. அதனாலதான் ஊசி.”

“அப்ப இம்புட்டு வருஷமா நல்லாத்தானே இருந்தேன்?”

“ஒங்க ஈரல்ல பழைய இருப்பு இருந்துச்சு. அதை வச்சு ஓடுச்சு. தீந்துபோச்சு. அது இல்லாம நரம்பு கெட ஆரம்பிச்சிருக்கு. டெஸ்ட் எழுதித் தரேன், விட்டமின் டி, இரும்புச் சத்து எல்லாம் சேத்துப் பாத்துருவோம், இந்த வியாதிக்காரங்களுக்கு அதெல்லாமும் கொறையும். ஆனா ரத்தம் எடுத்த கையோட ஊசியை இன்னைக்கே ஆரம்பிக்கிறோம்.”

“வெட்ட வேணாமா?” கிதர் சட்டையை இழுத்துத் தழும்பை மூடினார். “பை?”

“பையா? எதுக்குப் பை? கொடலு நல்லாத்தானே இருக்கு.”

ஒரு நொடி கிதருக்கு உலகமே லேசாகிவிட்டது. பாஸிலா, அல்ஹம்துலில்லாஹ் என்று முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டே கேட்டார்.

“உணர்ச்சி போக ஆரம்பிச்சது எப்ப? சரியாச் சொல்லுங்க.”

“கொஞ்ச நாளாத்தான்” என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பாஸிலாவின் வளையல் கிணுங்கியது. கிதர் அதை விழுங்கினார்.

“போன பக்ரீத்துலருந்து.”

பாஸிலா முகத்திலிருந்து துணியை எடுத்தாள். அடுத்த பக்ரீதே இன்னும் இரண்டு மாதத்தில் வரப்போகிறது. எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் பேனா நின்றது.

“ஆரம்பத்துலயே வந்துருந்தா முழுசாத் திரும்பும்னு தைரியமாச் சொல்லியிருப்பேன்” என்றார் மெதுவாக. “இப்பச் சொல்ல முடியல. திரும்பலாம். பாதி திரும்பலாம். இதோட நிக்கவும் செய்யலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி போடுங்க. அப்புறம் ஆயுசுக்கும் மாசம் ஒண்ணு. பாப்போம்.”

பை இல்லை என்ற சந்தோஷம் படி இறங்குவதற்குள் போய்விட்டது. வெட்டுவார்கள் என்று பயந்து பயந்து ஒளித்தாரே, வெட்டே கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற ஒரு சிவப்பு ஊசி. ஒளித்து வைத்த அந்தக் காலம்தான் அவர் காலைத் தின்றிருக்கிறது. அதை நினைத்தபோது, கையில் ஆண்டிச்சாமியின் பிடி தெரியாமல் போனதைவிடப் பயமாக இருந்தது. இனி யாரை நோவது?

வீட்டுக்கு வந்ததும் பாஸிலா அடுப்படிக்குப் போனாள். மறுநாளைக்கென்று கழுவி வைத்திருந்த ஈரல் ஃபிரிட்ஜில் இருந்தது. அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

“நான்தான் பொரிச்சுப் போட்டேன். தெனமும் நான்தான் போட்டேன்.”

“கேட்டது நானு. ஒன் மேல என்ன தப்பு?” என்றார் கிதர். அவளுக்கு அது போதவில்லை. அன்றைக்கு அந்த ஈரலை யாரும் சாப்பிடவில்லை.

ஊசி ஆரம்பமாயிற்று. ஜோஸ்பினுக்கு அப்புறம் வந்த நர்ஸ் அனிஷாவின் கை கனம்தான். ஆனால் இப்போது இடுப்பில் ஊசி குத்துகிற வலி கிதருக்கு இனித்தது. வலிக்கிற இடம் ஒன்றாவது மிச்சம் இருக்கிறதே. வண்டி ஓட்டுவதை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். அடுப்புப் பக்கம் பாஸிலா விடவில்லை. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, தன் கால் எங்கே இருக்கிறது என்று மேஜைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்.

குண்டூசிச் சோதனையைப் பாஸிலா நிறுத்திவிட்டாள். அவருடைய கால் விரல்களில் ரத்தம் பார்க்க அவளால் முடியவில்லை. அதற்குப் பதிலாக, சந்தையில் நடந்ததை அவர் வாயாலேயே ஒருநாள் முழுசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவர் சந்தைக்குப் போடுகிற துண்டை இரண்டு பேர் கையின் மேலும் விரித்தாள்.

“எத்தனை விரலு?”

கிதர் வெகுநேரம் யோசித்தார். ஒன்றும் வரவில்லை. இனிப் பொய் சொல்வதில்லை என்று தீர்மானம் செய்திருந்தார்.

“நீ இன்னும் புடிக்கல.”

பாஸிலா துண்டைத் தூக்கிக் காட்டவில்லை. ஆனால் அவள் தோள் இறுகி இருந்ததைப் பார்த்து அவரே துண்டை விலக்கினார். அவருடைய முழுக் கையையும் அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம், கடை பூட்டியதும், துண்டு விரிந்தது. “இல்ல” என்றார். மறுநாளும் இல்லை. ஊசி மருந்துப் பெட்டிகள் காலியாகிக்கொண்டே வந்தன. சித்திரை வெயில் போய் வைகாசி பிறந்தது. பாதத்தில் தீப்பற்றிய மாதிரி ஒரு எரிச்சல் வர ஆரம்பித்தது; நரம்பு விழிக்கிறதா, சாகிறதா என்று டாக்டருக்கே நிச்சயம் இல்லை. ராத்திரிகளில் கிதர் எரிகிற காலோடு படுத்துக்கொண்டு அதையே யோசித்தார். கேட்கப் பயமாக இருந்ததால் அப்புறம் டாக்டரிடம் கேட்பதையும் விட்டுவிட்டார்.

பக்ரீதுக்கு முந்தின வியாழக்கிழமை அய்யலூரில் கால் வைக்க இடமில்லாத கூட்டம் என்று சொன்னார்கள். கிதர் போகவில்லை. ஆண்டிச்சாமியே ஆடுகளை வேனில் ஏற்றிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தார். விலையை வாயாலேயே சொன்னார். இருபது வருஷத்தில் முதல் தடவை. சொல்லும்போது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவர் போனதும் பாஸிலா கதவைச் சாத்திவிட்டுத் துண்டோடு வந்தாள். கிதருக்கு அன்றைக்கு மனசே இல்லை. “விடு புள்ள. அல்லாஹ் எழுதுனது இம்புட்டுத்தான்” என்றார்.

“எழுதுனது எதுன்னு ஒங்களுக்குச் சொன்னாங்களா? கையை நீட்டுங்க.”

நீட்டினார். துண்டு விழுந்தது. வெளியே புதிதாக வந்த ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

“எத்தனை விரலு?”

கிதர் கண்ணை மூடினார். உடம்பு லேசாக ஆடியது. எங்கேயோ தூரத்தில், கனத்த கம்பளிக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒன்று அமுங்குகிற மாதிரி இருந்தது. அது நிஜமா, ஆசையா என்று அவருக்கே தெரியவில்லை.

“மூணு?”

“தப்பு. ரெண்டு” என்றாள் பாஸிலா. குரல் இறங்கிவிட்டது. குருட்டாம்போக்கில் ஒன்றைச் சொல்லிவைத்திருக்கிறார், அவ்வளவுதான், பழைய வேலை என்று அவளுக்குத் தோன்றியது. அவளும் எதையோ எதிர்பார்த்திருக்கிறாள் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“சரி, இப்ப எத்தனை?” என்று கேட்டாள்.

கிதர் காத்திருந்தார். அந்தக் கம்பளிக்கு அந்தப் பக்கம் தேடினார். முன்னால் இருந்த அந்த அமுக்கம் இப்போது அங்கே இல்லை. இருந்த இடம் வெறிச்சென்று இருந்தது.

“இப்ப ஒண்ணும் இல்ல பாஸிலா” என்றார். “நீ கையை எடுத்துட்ட.”

பாஸிலா துண்டை விலக்கினாள். அவர் கை மட்டும் தனியாகக் கிடந்தது. அவளுடைய இரண்டு கையும் அவள் மடியில் இருந்தன.